வேனுக்குள் யார் எங்கே உட்காருவது?

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நியூயார்க்கின் ரமோன்ஸ் ராக் குழு 22 வருடத்தில் 2,263 மேடை ஏறியது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். உத்சவ சீசன் நேரம் வேறு. வாளையாறு தொடங்கி கோவிந்தாபுரம் வரை கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் கிட்டார் பிடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த முறை முழுக்க அவர்கள் பேச்சுதான். ஹார்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவது பற்றிக் கேட்ட எலப்புள்ளி அன்பர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2,263 என்று கடைசி எண் வரைக்கும் எப்படிச் சொல்கிறீர்கள்? நம் பக்கத்து ட்ரூப்காரர்கள் நோட்டீஸில் 'பத்தாயிரம் மேடை கண்ட' என்று போடுவார்களே, அந்த மாதிரிக் கணக்கா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

அந்த மாதிரிக் கணக்கு இல்லை தம்பி. கிட்டார் வாசித்த ஜானி ரமோன் நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். தேதி, ஊர், அரங்கம், கைக்கு வந்த தொகை. முதல் நிகழ்ச்சி 1974 மார்ச் 30, மன்ஹாட்டனில் ஓர் ஒத்திகைக் கூடத்தில். கடைசி நிகழ்ச்சி 1996 ஆகஸ்ட் 6, ஹாலிவுட்டில். வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு நூற்றுச் சொச்சம். மூன்றரை நாளைக்கு ஒரு மேடை. ஊர்விட்டு ஊர் போகிற நாள், ரெக்கார்டிங் நாள், காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் இதற்கு வெளியே.

ஜானி, குழு தொடங்குமுன் கட்டட வேலையில் இருந்தவர். குழாய் பொருத்தும் வேலை. அப்பாவுக்கும் அதே தொழில். மேடையைக் கடைசிவரை அவர் ஒரு வேலையாகத்தான் பார்த்தார். நேரத்துக்குப் போ, வாசி, காசை வாங்கு, எழுதிவை. கலைஞன் இப்படியா பேசுவான் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பேஸ் கிட்டார் வாசித்த கானமேளா (கேரளத்து மேடைப் பாட்டுக் கச்சேரி) ட்ரூப்பில் கணக்கெல்லாம் சிகரெட் பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் இருக்கும். பெட்டி தொலைந்தால் கணக்கும் போச்சு. விஷு கழிந்ததும் யாருக்கு எத்தனை நைட் பாக்கி என்று சண்டை ஆரம்பிக்கும். அதைப் பார்த்தவன் என்பதால் ஜானியின் நோட்டுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

அண்ணா, அவர்கள் நாலு பேரும் அண்ணன் தம்பியா? எல்லார் பேரிலும் ரமோன் என்று வருகிறதே!
– பிளஸ் டூ மாணவி, கொல்லங்கோடு

ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாதும்மா. நியூயார்க் குயின்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்துப் பையன்கள். பாடகர் ஜோயியின் நிஜப் பேர் ஜெஃப்ரி ஹைமன். ஜானி என்பவர் ஜான் கம்மிங்ஸ். பேஸ் வாசித்த டீ டீ, டக்ளஸ் கோல்வின். டிரம்ஸ் வாசித்த டாமி, ஹங்கேரியில் புடாபெஸ்ட்டில் பிறந்த தாமஸ் எர்டெலி. பீட்டில்ஸ் பெரிய ஆளாவதற்கு முன்னால் பால் மெக்கார்ட்னி கொஞ்ச நாள் பால் ரமோன் என்ற பேரில் வாசித்தார், அதிலிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு யார் வந்து சேர்ந்தாலும் ரமோன்தான். குடும்பப் பேர், கருப்புத் தோல் ஜாக்கெட், முட்டியில் கிழிந்த ஜீன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் வேலை.

இன்னொரு வேடிக்கை. ஆரம்பத்தில் பாடியது டீ டீ, டிரம்ஸ் அடித்தது ஜோயி, டாமி வெறும் மேனேஜர். டீ டீக்குப் பாடிக்கொண்டே வாசிக்க வரவில்லை. ஜோயியால் அந்த வேகத்துக்கு அடிக்க முடியவில்லை. ஜோயியை மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டு, யாரும் கிடைக்காமல் மேனேஜரே டிரம்ஸில் உட்கார்ந்தார். 1974 ஆகஸ்டில் நியூயார்க் பவரி தெருவிலிருந்த சிபிஜிபி என்ற கிளப்பில் ஏறியபோது அவர்கள் மொத்த நிகழ்ச்சியும் இருபது நிமிடத்தைத் தாண்டாது. டீ டீ 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று கத்துவார், பாட்டு ஓடும், முடிந்த கையோடு மறுபடியும் 'ஒன் டூ த்ரீ ஃபோர்'. நடுவில் 'அடுத்து வரும் பாடல்' என்று அறிவிக்க ஆள் கிடையாது. நம் கானமேளாவில் அறிவிப்பாளர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவர்கள் நாலு பாட்டு முடித்திருப்பார்கள்.

ஐயா, என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு பேண்ட், பேண்ட் என்று அலைகிறான். நீங்கள் எழுதியதைக் காட்டி "பாரும்மா, ரெண்டாயிரம் மேடை" என்கிறான். அத்தனை மேடை ஏறியவர்கள் சொத்து சேர்த்தார்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.
– ஒரு தாய், வேலந்தாவளம்

அம்மா, உங்கள் கேள்விதான் இந்தக் கடிதக் கட்டிலேயே சரியான கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறேன்.

1976-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ஆன செலவு சுமார் 6,400 டாலர். 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். அமெரிக்க பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அது எட்டிய உச்சம் 111-ஆம் இடம். அந்த ஆல்பத்துக்கு ஐந்து லட்சம் விற்றதற்கான தங்கச் சான்று கிடைத்தது 2014-இல்! 38 வருடம் கழித்து. அப்போது முதல் நால்வரில் டாமி ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவரும் அந்த ஜூலையில் போய்ச் சேர்ந்தார். குழு நடந்துகொண்டிருந்த காலத்தில் தங்கம் கண்டது 1988-இன் தொகுப்பு ஆல்பம் ஒன்று மட்டும். அதற்கும் சான்று வந்தது 1994-இல்.

அப்படியானால் சாப்பாடு? மேடைதான். மேடைக்கு வெளியே மேஜை போட்டு விற்ற டி-ஷர்ட். ஆர்துரோ வேகா என்று மெக்சிகோவில் பிறந்த ஓவியர், குழுவுக்கு லைட்டும் பார்த்தவர், ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். அமெரிக்க ஜனாதிபதி முத்திரையில் இருக்கும் கழுகை எடுத்து, ஒரு காலில் ஆப்பிள் மரக் கிளை, இன்னொரு காலில் பேஸ்பால் மட்டை, சுற்றிலும் நால்வர் பேர். இன்றைக்குப் பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தச் சட்டை போட்ட பையனை நிறுத்தி ஒரு பாட்டுப் பேர் கேட்டால் முழிப்பான். அவர்கள் காலத்திலேயே ஆல்பத்தைவிடச் சட்டைதான் ஓடியது. பெட்ரோல் காசு அதிலிருந்து வந்தது. சண்டையும் அதிலிருந்து வந்தது. 1983 முதல் டிரம்ஸ் வாசித்த ரிச்சி, சட்டை விற்ற காசில் தனக்குப் பங்கு இல்லை என்று 1987 ஆகஸ்டில் நடு சீசனில் விட்டுவிட்டுப் போனார். அவர் பாட்டும் எழுதியவர். என்னைக் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஜானி சேமித்தார், பணத்தோடு கலிபோர்னியாவில் போய் அமர்ந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. ஒரே குழு, ஒரே வேன், வேறு வேறு முடிவு.

உங்கள் மகனிடம் திறமை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்தத் தாய்க்கும் அதற்கு நேர்மையான பதில் கிடைக்காது. பங்கு எப்படி என்று கேளுங்கள். கோயில் கமிட்டி கொடுக்கும் அட்வான்ஸ் யார் கையில் போகிறது, பேலன்ஸ் எப்போது வருகிறது, வேன் வாடகையும் ஜெனரேட்டர் டீசலும் கழித்து மீதி எப்படிப் பிரிகிறது, பாட்டு எழுதியவனுக்குத் தனியாக உண்டா என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பாடகருக்கு முதல் கவர், கீபோர்டுக்கு அடுத்த கவர், பேஸ்காரனுக்கு "நாளைக்குப் பார்க்கலாம்". தாளைக் கேட்டதும் பையன் முகம் மாறினால் அங்கே தாள் இல்லை என்று அர்த்தம். எழுதித் தந்தால் ஒரு சீசன் போகட்டும் என்று விடுங்கள். சட்டை அச்சடிக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

மூன்றே கார்டு (கிட்டாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) வைத்து வாசிப்பவர்களைப் பற்றி ஒரு இதழ் முழுக்க எழுதுவது கொஞ்சம் அதிகமில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

இருக்கலாம் சார். ஆனால் ஒரு வேலை செய்து பாருங்கள். ஜானி கிட்டாரை எப்போதும் மேலிருந்து கீழாக மட்டும்தான் அடித்தார். கீழிருந்து மேலே வருகிற அடி கிடையாது. அந்த வேகத்தில், அப்படி மட்டும், ஒரு பாட்டுக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மாணவர் யாரையாவது. மணிக்கட்டு பேசும். 1977 டிசம்பர் 31 இரவு லண்டன் ரெயின்போ தியேட்டரில் அவர்கள் வாசித்தது ஆல்பமாக வந்திருக்கிறது: 54 நிமிடத்துக்குள் 28 பாட்டு. அடுத்தடுத்த மேடைகளிலும் அதே கை அதே வேலை.

வேனுக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்று படித்தேன். பேசாமல் எப்படி இத்தனை வருடம்? எங்கள் குழுவில் ஒரு வாரம் பேசாவிட்டால் ஒத்திகையே நடக்காது.
– கீபோர்டு கலைஞர், பாலக்காடு

படித்தது உண்மை. ஜோயியின் காதலி லிண்டா, எண்பதுகளின் தொடக்கத்தில் ஜோயியை விட்டு ஜானியிடம் போனார். பிறகு ஜானியின் மனைவியானார். அதற்குப் பின் ஜோயியும் ஜானியும் நேருக்கு நேர் பேசியது அபூர்வம். ஆனால் 1996 வரை ஒரே வேன், ஒரே மேடை. கூடவே அரசியல் வேறு. ஜானி ரீகனை ஆதரித்த குடியரசுக் கட்சிக்காரர். ஜோயி நேர் எதிர். 1985-இல் ரீகன் ஜெர்மனியில் நாஜிப் படையினர் புதைக்கப்பட்ட பிட்பர்க் கல்லறைக்குப் போனதைக் கண்டித்துக் குழு ஒரு பாட்டே வெளியிட்டது. ஜானிக்கு அது பிடிக்கவில்லை. ஆல்பத்தில் சேர்க்கும்போது பாட்டின் தலைப்பை மாற்ற வைத்தார். குழு உடையவில்லை.

காரணம் ஒழுங்கு. டூர் மேனேஜர் மான்டி மெல்னிக் 1974-இலிருந்து முடிவு வரை கூடவே இருந்தவர். வேன் ஓட்டியதும் அவர்தான். வேனில் அவரவருக்கு இடம் குறித்து வைத்திருந்தது. ஜானிக்கு முன் சீட். ஜோயிக்கு எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உண்டு. தொட்டதையே திரும்பத் தொடுவது, ஏறிய படியில் மறுபடி ஏறி இறங்குவது என்று கிளம்பவே நேரம் எடுக்கும். அதற்கும் சேர்த்துத்தான் மான்டி புறப்படும் நேரத்தைக் குறிப்பார். நிகழ்ச்சி முடிந்தால் ஜானிக்குப் பாலும் பிஸ்கட்டும். ராக் என்றதும் நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிற கூத்து அவர் அறையில் கிடையாது. டீ டீ அறையில் இருந்தது, அளவுக்கு மேலேயே இருந்தது. ஒருவர் வாழ்க்கையை மற்றவர் திருத்தப் போகவில்லை. மேடையில் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' வந்தால் போதும்.

டெம்போ டிராவலரில் சீசன் முழுக்கப் போனவர்களுக்கு இது புரியும். மனிதர்கள் பெரிய கொள்கைக்குச் சண்டை போடுவதில்லை. கடைசி சீட்டில் மானிட்டர் பாக்ஸுக்கும் கதவுக்கும் நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, கொடுவாயூரிலிருந்து உடுமலை போய்ச் சேருவது யார் என்பதற்குத்தான் சண்டை. எங்கள் ட்ரூப்பில் பெண் பாடகிக்கு முன் சீட் என்பது மட்டும் சட்டம். மற்றதெல்லாம் முந்தினவன் பாடு. ஒரு மாசி மாதம் ரிதம் பேடுக்காரரும் தபேலாக்காரரும் ஜன்னலோர சீட்டுக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பேருமே அருமையான வாத்தியக்காரர்கள். பெயர் ஒட்டி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

நீங்கள் பேச முயற்சி செய்து களைத்துப்போகாதீர்கள். ஒத்திகை நேரம், பாட்டு வரிசை, ஸ்கேல் மூன்றையும் ஒருவர் எழுதி ஒட்டட்டும். மற்றவர் பார்த்து வாசிக்கட்டும்.

இவ்வளவு உழைத்தும் ஏன் பெரிய ஆளாக வரவில்லை? ராசி இல்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், மீனாட்சிபுரம்

ராசியின் மேல் ஏன் போடுகிறீர்கள். ரேடியோக்காரர்கள் போடவில்லை. 1976 ஜூலை 4-இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் வாசித்தார்கள். அங்கே அவர்களைப் பார்த்துப் பேச வந்த இளவட்டங்களிலிருந்து பங்க் என்ற ராக் இசை அலை கிளம்பியது. ஆனால் அந்த அலையில் லண்டன் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் டிவியில் கெட்ட வார்த்தை பேசி, ஊசி குத்திக்கொண்டு, செய்தித்தாளில் நாறியதும் அமெரிக்க நிலையங்கள் பங்க் என்ற பேரையே ஒதுக்கின. ரமோன்ஸ் நேரத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் பால் குடிக்கிறவர்கள் என்று யார் போய்ச் சொல்வது?

பிறகு ஒரு முயற்சி செய்தார்கள். அறுபதுகளில் ஹிட் மேல் ஹிட் கொடுத்த தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரை வைத்து ஒரு ஆல்பம், 1980-இல் வந்தது. ஆறாயிரம் டாலரில் ஆல்பம் போட்டவர்களுக்கு இதில் சுமார் 2 லட்சம் டாலர் செலவு. ஒரு பாட்டின் முதல் கார்டை மட்டும் ஜானியை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிக்க வைத்தார் ஸ்பெக்டர். ஜானி நான் ஊருக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டார். அமெரிக்காவில் அந்த ஆல்பம் 44-ஆம் இடம். அவர்களுக்கு அங்கே அதுதான் கடைசிவரை உச்சம். மறுபடி வேன் ஏறினார்கள்.

ஆனால் அர்ஜென்டினா போய்ப் பாருங்கள். ஹோட்டல் வாசலில் கூட்டம், காரைச் சுற்றிக் கூட்டம். நியூயார்க்கில் தெருவில் நடந்து போகிறவர்கள் பியூனஸ் அயர்ஸில் வெளியே கால் வைக்க முடியாது. 1996 மார்ச் 16-இல் அங்கே ரிவர் பிளேட் கால்பந்து ஸ்டேடியத்தில் வாசித்தார்கள். மோட்டர்ஹெட் ராக் குழுவும் பாடகர் இகி பாப்பும் அதே மேடையில்.

இந்தியாவுக்கு வந்தார்களா?
– வாசகர், எருத்தேம்பதி

இல்லை. 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் ராக் குழு வந்ததற்கே நம் பக்கத்துப் பையன்கள் ரயிலில் நின்றுகொண்டு போனார்கள். ரமோன்ஸ் அதற்குப் பதினோரு வருடம் முன்பே கடையைக் கட்டிவிட்டார்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்கள் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருந்தார்கள்? நானும் டிரம்மர் என்பதால் கேட்கிறேன்.
– பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்

டாமி 1978-இல் விலகியதற்குக் காரணம் சண்டை அல்ல, பயணம். வேனும் ஹோட்டலும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டூடியோவில் தயாரிப்பாளராக உட்கார்ந்தார். இது நல்ல ஏற்பாடு. வேன் ஆகாதவனைக் குழுவை விட்டே துரத்த வேண்டியதில்லை. அவர் இடத்துக்கு வந்த மார்க்கியைக் குடிக்காக 1983-இல் நிறுத்தினார்கள். அப்புறம் ரிச்சி, அவர் கதையை மேலே வேலந்தாவளம் அம்மாவுக்குச் சொன்னேன். ரிச்சி போனதும் ப்ளாண்டி குழுவின் கிளெம் பர்க் எல்விஸ் ரமோன் என்ற பேரில் வந்து இரண்டே இரண்டு மேடை வாசித்தார். அவர் சாதாரண ஆள் இல்லை, பெரிய டிரம்மர். ஆனாலும் அந்த மூச்சுவிடாத ஓட்டம் அவருக்கு ஒட்டவில்லை. குடியை விட்டுவிட்டு வந்த மார்க்கியே திரும்பவும் உட்கார்ந்தார், முடிவு வரை.

இதெல்லாம் டிரம்மருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1983 ஆகஸ்டில் ஜானிக்குத் தெருச் சண்டையில் மண்டை உடைந்து மூளை அறுவை சிகிச்சை நடந்தது; தேறி வந்து மறுபடி மேடை ஏறினார். 1989-இல் டீ டீ விலகினார். அவருக்குப் பதில் அமெரிக்க மரைன் படை வீரராக இருந்த சி.ஜே. என்ற இளைஞர் வந்தார். விலகிய டீ டீ அதற்குப் பிறகும் இவர்களுக்குப் பாட்டு எழுதி விற்றுக்கொண்டிருந்தார். பணத்தேவை அவருக்கு, பாட்டுத்தேவை இவர்களுக்கு. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

இவர்களைவிட அதிக மேடை கண்ட குழு உண்டா?
– சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், கோபாலபுரம்

நம் தொழில்காரர் கேட்டதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து கிரேட்ஃபுல் டெட், 1965 முதல் 1995 வரை, சுமார் 2,300. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். தொழில் முறை தலைகீழ். ரமோன்ஸ் ஒரு மணி நேரம் சொச்சம் வாசித்து இறங்குவார்கள். டெட் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுப்பார்கள், தினமும் வேறு வரிசை. ரசிகர்கள் டேப் போட்டுப் பதிவு செய்ய அனுமதி உண்டு. 1984-இலிருந்து அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். நம் ஊரில் மிக்ஸருக்குப் பக்கத்தில் செல்போன் வைத்தாலே நாம் விரட்டுவோம்.

உங்களுக்கு வேண்டியது 1974. ஆஸ்லி ஸ்டான்லி என்பவர் தலைமையில் அவர்கள் கட்டிய ஸ்பீக்கர் சுவர், 600-க்கு மேற்பட்ட ஸ்பீக்கர், சுமார் 75 டன். வாத்தியக்காரர்களின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும். வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் தனியாகக் கிடையாது. ஜனங்கள் கேட்பதையே மேடையிலும் கேட்க வேண்டும். அப்படியானால் மைக் கூவாதா? கூவும். அதற்குத்தான் ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் இணைத்தது. ஒன்றில் மட்டும் வாயை வைத்துப் பாடினால் குரல் நிற்கும். இரண்டிலும் சமமாக நுழைகிற சுவரின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போகும். அழகான யோசனை. ஆனால் ஒரு ஊரில் இறக்கும்போதே அடுத்த ஊரில் மேடைக் கம்பி ஏற ஆரம்பிக்க வேண்டும், இரண்டு செட் மேடை, லாரிகள், ஆட்கள். அந்த அக்டோபரோடு சுவரை மூட்டை கட்டிவிட்டுக் குழுவே வெகுநாள் ஓய்வு எடுத்தது.

நாலு டாப், நாலு பாஸ் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு முதலாளியாக இருக்கும் உங்களுக்கும் எனக்கும் வயிறு எரிய வேண்டிய அவசியமே இல்லை.

நம் பக்கத்தில் இப்படி ஓடி ஓடி வாசித்த ராக் குழு ஏன் வரவில்லை?
– வங்கி ஊழியர், நெம்மாறை

ஓடி ஓடி வாசித்தவர்கள் இருந்தார்கள், ராக் என்று பேர் இல்லை, அவ்வளவுதான். தை பிறந்தால் உத்சவங்கள் தொடங்கும். சித்தூர் கொங்ஙன்படை, மணப்புள்ளிக்காவு வேலா, உங்கள் ஊர் வல்லங்கி வேலா, எல்லை தாண்டினால் மாசாணியம்மன் குண்டம், மாரியம்மன் நோன்பு. இடவப்பாதி மழை இறங்கும் வரைக்கும் ட்ரூப் வேன் நிற்காது. மலையாளத்தில் ஆரம்பித்து, வேலந்தாவளம் தாண்டினதும் தமிழ்ப் பாட்டு வரிசைக்கு மாறுவோம். கொழிஞ்சாம்பாறையில் இரண்டும் பாதிப்பாதி. கொச்சியில் 13ஏடி ஆங்கில ராக்கோடு கொடிகட்டிப் பறந்தது, மதர்ஜேன் வந்தது, 2008-இல் அவியல் குழு மலையாளத்திலேயே ராக் ஆல்பம் போட்டது. அவர்களெல்லாம் கல்லூரி விழாவுக்கும் நகரத்து மேடைக்கும் போனார்கள். கோயில் கமிட்டி ராக் குழுவை அழைக்காது. அழைப்பு இல்லாத இடத்துக்கு வேன் ஓடாது.

இன்னொன்று, நேரம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதற்கு முன்பெல்லாம் வெடிவழிபாடு முடிந்து பதினொரு மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வாசித்திருக்கிறோம். இப்போது ஏழரைக்கு ஏறி பத்துக்கு இறங்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கமிட்டிக்காரர்களுக்குப் பொன்னாடை. தூங்குகிற குழந்தைக்கும் நோயாளிக்கும் இது நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரவு முழுக்க வாசித்து வளர்கிற பையன் இனி வரமாட்டான்.

கடைசி நிகழ்ச்சி எப்படி முடிந்தது? அழுதார்களா?
– வாசகி, வண்ணாமடை

இல்லை. ஹாலிவுட் பேலஸ் அரங்கம், 1996 ஆகஸ்ட் 6. பேர்ல் ஜாமின் எடி வெட்டர், மோட்டர்ஹெட்டின் லெம்மி, சவுண்ட்கார்டன், ரான்சிட் ஆட்கள் என்று மற்ற ராக் குழுக்காரர்கள் எல்லாம் வந்து கூட வாசித்தார்கள். டீ டீயும் வந்தார். முடிந்ததும் ஜானி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனார். அவரே பிற்பாடு சொன்னது இது. ஜோயி 2001-இல் ரத்தப் புற்றுநோய் வகையில் இறந்தார். அடுத்த வருடம் டீ டீ, போதை மருந்தில். 2004-இல் ஜானி, அதுவும் புற்றுநோய். ஜோயி சாகக் கிடந்தபோதுகூட இருவரும் பேசவில்லை. அது எனக்கு ஒப்பவில்லை, எழுதியே தீர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணா, எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு ஆகவில்லை. விஷு வரைக்கும் புக்கிங் இருக்கிறது. இப்போதே பிரிந்துவிடலாமா? இன்னொன்று: கோயில் மைதானத்தில் ஜெனரேட்டர் போட்டதும் பேஸ் ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைகிறது. என்ன செய்ய?
– பேஸ் கிட்டாரிஸ்ட், முதலமடை

அட்வான்ஸ் வாங்கிய தேதிகளை வாசித்து முடியுங்கள். கமிட்டிக்காரருக்கு உங்கள் மனக்கசப்பு தெரிய வேண்டாம். அவர் நோட்டீஸ் அடித்திருப்பார். ஆகாத இருவரில் ஒருவரை முன் சீட்டிலும் இன்னொருவரைக் கடைசி வரிசையிலும் போட்டு, சீசன் முடியும் வரை மாற்றாதீர்கள். காசு கொடுக்கிற பொறுப்பை அவர்கள் இருவரும் அல்லாத ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும், அன்றன்றைக்கே, எழுதிக் கையெழுத்து வாங்கி. விஷுவுக்குப் பிறகும் பிரிய வேண்டும் என்றே தோன்றினால் பிரியுங்கள். சட்டை அச்சடித்திருந்தால் மீதிச் சட்டையை எண்ணிவிட்டுப் பிரியுங்கள்.

இரைச்சலுக்கு: உங்கள் ஆம்புக்கு மேடையில் ஒரு பிளக்கிலிருந்தும், மிக்ஸருக்கு எதிர்ப் பந்தலில் வேறு பிளக்கிலிருந்தும் கரண்ட் எடுத்திருப்பார்கள். இரண்டு எர்த்துக்கும் நடுவே சிக்னல் கேபிள் வழியாகச் சுற்று உண்டாகி இரைகிறது. மைக் செட்காரரிடம் சொல்லி இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சீரியல் லைட்டுக்கும் டிம்மருக்கும் தனி லைன் வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வாங்கி நடுவில் போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். சில பேர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள், சத்தமும் உடனே நிற்கும். வெட்டாதீர்கள். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நின்று கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைப்பது நீங்கள், அவர்கள் இல்லை.